என்ன படிக்கிறீர்கள், என்ன பிடிக்கும்? மலையூர் வாசிப்புக் கூடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிறு. பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். இப்போது கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி ஆளுக்குச் சில நிமிடம் பேசுகிறார்கள். தமக்குப் பிடித்த பலகாரம் ஒன்றைச் செய்தோ வாங்கியோ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். சமவெளியில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் குளிரும் ஈரமும் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடலை வேகாது, மாவு புளிக்காது, புத்தகத்தில் பூசணம், நாலு மணிக்கே மூடுபனி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு 72 நிமிடம். பலகாரத்துக்கும் பேச்சுக்கும் 40 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பதினைந்து பேரைத் தாண்டினால் கடைசி நாலு பேர் பேசும்போது மற்றவர்களின் கண் சமையலறைப் பக்கம் போய்விடும்.

மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலு, நாலேகாலுக்கு முடித்துவிடுங்கள். ஹட்டிகளுக்கும் (படகர் சமூகத்தாரின் ஊர்கள்) எஸ்டேட் லைன்களுக்கும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) மாலையில் பஸ் குறைவு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் பொழுது சாய்ந்ததும் ரோட்டுக்கு வரும். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே மேயும். இருட்டுவதற்கு முன் வீடு சேருவதுபோல் நேரம் வையுங்கள்.

படித்து முடிக்காத புத்தகத்தைப் பற்றி என்ன பேசுவது?

முடிக்காததைப் பற்றிப் பேசத்தான் கூடுகிறோம். முடித்த புத்தகத்துக்கு எல்லாரும் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பாதியில் இருப்பவருக்குத் தீர்ப்பு இன்னும் இல்லை, சந்தேகம் இருக்கிறது. கேட்பதற்கு அதுதான் சுவை.

ஆறு நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதலில், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: “320 பக்கத்தில் 140.” இதைச் சொன்னாலே பாதிப் பாசாங்கு கழன்றுவிடும். அடுத்து, புத்தகம் கைக்கு எப்படி வந்தது: நூலகமா, மாமியார் வீட்டு அலமாரியா, பிள்ளையின் பாடப் புத்தகமா? பிறகு ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். நாவலில் ஒரு முழுப் பக்கத்தை நிதானமாக வாசிக்கச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த இடம் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, ஒரு பஸ் டிக்கெட்டையாவது அடையாளமாக வைத்துக்கொண்டு வாருங்கள். கூடலில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டித் தேடுவதில்தான் நேரம் கரையும். கடைசியாக, எது உங்களை இழுக்கிறது, எது தடுக்கிறது என்று இரண்டு வாக்கியம்.

வழக்கமாகக் கெடும் இடம் ஒன்று உண்டு. கதைச் சுருக்கம். “அவன் ஊருக்குத் திரும்பி வர்றான், அங்க அண்ணன் செத்துட்டான்...” என்று ஆரம்பித்தால் ஆறு நிமிடத்தில் மூன்றாம் அத்தியாயத்தைக்கூடத் தாண்ட முடியாது. படிக்க நினைத்தவருக்கும் புத்தகம் கெட்டுப்போகும். கதையை மூன்று வாக்கியத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். “அருமை”, “கட்டாயம் படிக்கணும்” என்ற இரண்டையும் தவிர்க்கச் சொன்னால் பேச்சு தானாகவே நன்றாக வரும்.

“40ஆம் பக்கத்தோடு விட்டுவிட்டேன்” என்பதும் முழுப் பதில்தான். ஏன் விட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்து சிறிதாக இருந்தது, நாத்து நடவு வந்துவிட்டது, ஆசிரியர் போதிக்கிறார், எதுவானாலும் சரி.

நாவல், கவிதை இதெல்லாம் படிக்கிறவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. டிஎன்பிஎஸ்சி கையேடு, வாரப் பத்திரிகைத் தொடர், பஞ்சாங்கம், தேயிலைக் கவாத்து பற்றிய கையேடு, பைபிள், குர்ஆன், தேவாரம், சமையல் குறிப்பு நோட்டு, ஏதாக இருந்தாலும் சரி. தேர்வுக்குப் படிப்பவர்தான் பெரும்பாலும் கூச்சப்படுவார். ஆனால் ஒரு பாடத்தை மூன்று தடவை படித்தவர் சொல்லும் விவரத்துக்கு ஈடு இல்லை.

மலையைப் பற்றிய புத்தகமாகத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரிப் படகர் வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல். அதை யாராவது தற்செயலாகக் கொண்டுவந்தால், ஹட்டியில் பிறந்தவர் ஒரு விதமாகவும், எஸ்டேட் லைனில் வளர்ந்தவர் வேறு விதமாகவும் கேட்பார்கள்; அன்றைக்குப் பேச்சு சூடாகும். அதையே திட்டமிட்டு “இந்த மாதம் எல்லாரும் இதுதான்” என்று வைத்தால் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர் வரலாமா?

வரலாம். பேத்தி வாசித்துக் கேட்ட கதை, ரேடியோவில் கேட்ட நாடகம், போனில் கேட்கும் ஒலிப்புத்தகம் எல்லாம் கணக்கில் சேரும். படகர் மொழியில் பாட்டும் கதையும் வாய்வழியாகவே வந்தவை. அவற்றைச் சொல்லத் தெரிந்த ஒரு ஹெத்தை (படகர் பாட்டி) வந்து உட்கார்ந்தால் ஆறு நிமிடக் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

அரசு நூலகந்தான் முதல் வழி. தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், ஆகவே உறுப்பினர் ஆகாதவரும் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஊட்டியில் மாவட்ட மைய நூலகம், மற்ற ஊர்களில் கிளை நூலகங்கள். ஆதார் போன்ற முகவரிச் சான்று, திருப்பித் தரும் சிறு வைப்புத்தொகை, ஆண்டுச் சந்தா: உறுப்பினர் ஆக இவ்வளவு போதும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மலை ஏறி வந்து பூட்டைப் பார்க்க வேண்டாம். ஊட்டியில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகமும் இருக்கிறது. அது உறுப்பினர் சந்தாவில் நடப்பது, பெரும்பாலும் ஆங்கில நூல்கள்.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். மேலே சொன்ன ராஜம் கிருஷ்ணனின் நூல்களும் நாட்டுடமை ஆனவையே. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. ஊருக்குள் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

காற்றில் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நின்றால் தாளில் பூசணம் கிளம்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டி, கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கமும் இதுதான் நிலைமை.

பலர் கவனிக்காதது அலமாரி நிற்கும் சுவர். வெளிச்சுவர் இரவில் குளிர்ந்துவிடும். அறைக் காற்றின் ஈரம் அந்தச் சுவரில் போய்ப் படியும். பின்வரிசைப் புத்தகங்களின் முதுகில் மட்டும் வெள்ளையாகப் படர்ந்தால் காரணம் இதுதான். அலமாரியை உள்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். புத்தகங்களை அடைத்து வைக்காதீர்கள். ஒன்றை உருவினால் பக்கத்துப் புத்தகம் லேசாகச் சாய வேண்டும், அந்த அளவு காற்று போதும். அந்துருண்டை பூச்சிக்குத்தான். பூசணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள் உதவும். திறந்த அலமாரியில் வைத்தால் வீட்டு ஈரத்தை எல்லாம் குடிக்கப் பார்த்து ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

பிடித்துவிட்ட பூசணத்தை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். முதலில் நிழலில், காற்றோட்டத்தில் நன்றாக உலரவிடுங்கள். பூசணம் காய்ந்து பொடியான பிறகு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், வாயையும் மூக்கையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு, மெல்லிய பெயின்ட் பிரஷால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போது மழையில் நனைந்துவிட்டது. அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமா?

கூடாது. தாள் அலையலையாக நெளியும், முதுகுப் பசை வெடிக்கும். 20 பக்கத்துக்கு ஒரு தடவை செய்தித்தாளைச் செருகி, மணிக்கொரு முறை மாற்றுங்கள். சொட்டும் ஈரம் போனபின் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறியை எதிர்ச் சுவர் பார்க்க ஓடவிடுங்கள். லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போது படுக்கவைத்து மேலே அம்மிக்குழவியோ அதுபோன்ற கனமோ வைத்தால் நெளிவு குறையும். படங்கள் உள்ள வழவழப்புத் தாள் என்றால் உடனே பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு நாளுக்குள் உலர்த்த வழியில்லையா? கனமான கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பூசணம் அங்கேயே நின்றுவிடும். வெயில் வந்ததும் எடுத்துக் காயவைக்கலாம்.

எந்தப் பலகாரம் கொண்டுவரலாம்?

இரண்டு வாயில் முடிய வேண்டும், ஒழுகக் கூடாது, ஆறினாலும் சாப்பிடும்படி இருக்க வேண்டும். வளைவுகளில் பஸ் திரும்பும் திருப்பத்தில் சாம்பார் எந்த டிபன் பாக்ஸிலும் நிற்காது.

ஊட்டி வர்க்கியை யாராவது ஒருவர் வாங்கி வந்தே தீருவார். சிக்கல் மூன்று பேர் வாங்கி வருவதுதான். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வர்க்கி விறகு அடுப்பில் சுடுவது, அடுக்கடுக்காக நொறுங்குவது. மூடுபனியில் பத்து நிமிடம் திறந்து கிடந்தால் நமுத்து ரப்பராகிவிடும். பேக்கரிப் பொட்டலத்தோடு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வாருங்கள். நமுத்தால் காய்ந்த தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். சூட்டோடு கடித்துவிட்டு “இன்னும் நமுத்திருக்கு” என்று சொல்லக் கூடாது. ஆறினால்தான் மொறுப்பு வரும்.

படகர் வீட்டு விசேஷங்களில் சுடும் துப்பதிட்டு இந்தக் கூடலுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: காய்ந்தது, இனிப்பு, கையில் ஒட்டாது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் அப்படி இல்லை, அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் சாப்பிட வேண்டியவை. அவை பிடித்தவர் வீட்டில் கூடல் நடக்கும் மாதத்துக்கு விட்டுவைப்பது நல்லது.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களின் வீடுகளில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பல் என்ற காரத் துவையலும் உண்டு. பன்னிரண்டு ரொட்டிக்கு மைதா 500 கிராம், துருவிய நடுத்தரத் தேங்காய் ஒன்று, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணீரை 200 மில்லியில் தொடங்குங்கள், தேங்காயும் ஈரம் விடும். பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, கையால் தட்டி, மிதமான தீயில் இருபுறமும் புள்ளி விழும்வரை சுட வேண்டும். ரொட்டி கல்லாகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் மெதுவான தீயில் நீண்ட நேரம் போட்டவர்கள்.

பழம் மிக எளிது. மே, ஜூனில் பிளம்ஸ், அதன் பின் பேரிக்காய், கிடைக்கிற காலத்தில் தாட்பூட் பழம், பட்டர் ஃப்ரூட். தாட்பூட் பழத்தை அங்கேயே பாதியாக வெட்டி ஸ்பூனோடு கொடுங்கள். பட்டர் ஃப்ரூட் வெட்டினால் கறுக்கும், எலுமிச்சை பிழிந்து வையுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டில் துவையல் அரைப்பவர்களுக்கு ஒரு சொல்: 2019இல் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் காரம் அதிகம், சமவெளிப் பூண்டுக்குப் போடும் அளவில் பாதி போதும். பழனிப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால் நீள ஸ்பூனையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

சுண்டலுக்குக் கடலை வேகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

உயரந்தான் காரணம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். குன்னூரில் 94 பக்கம். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் தீரும். குக்கருக்குள்ளும் இதே கதை. சமவெளியில் உள்ளே 120 டிகிரி வரும் குக்கரில் ஊட்டியில் 116 அளவுதான் வரும். ஆகவே ஊரில் அஞ்சு விசில் என்றால் இங்கே ஏழு, எட்டு.

பன்னிரண்டு பேருக்குக் கொண்டைக்கடலை 500 கிராம் போதும். ஊறி வெந்தபின் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆளுக்கு ஒரு கைப்பிடி தாராளம். குளிரில் எட்டு மணி நேர ஊறல் பத்தாது. வெந்நீரில் போட்டு மூடி 12 மணி நேரம் விடுங்கள். ஒரு கடலையை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். பழைய கடலை என்றால் எத்தனை விசில் விட்டாலும் உருண்டையாகவே நிற்கும், அதற்கு உயரம் பொறுப்பல்ல. புளியோ எலுமிச்சையோ வெந்த பின்புதான். முன்னால் போட்டால் தோல் இறுகிவிடும்.

இட்லி மாவு புளிக்கவில்லை. சோடா போடலாமா?

வேண்டாம். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். மாவு புளிக்க 25 முதல் 32 டிகிரி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வெளியே உறைபனி விழும்போது சமையலறையும் அதில் பாதிகூட இருக்காது. அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. அரைத்ததும் மாவில் விரல் வைத்தால் ஜில்லென்று இருக்கக் கூடாது, ஆகவே அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள். பாத்திரத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்று. படுக்கும்போது ஒருமுறை, விடியும்போது ஒருமுறை பாட்டில் நீரை மாற்றுங்கள். 16 முதல் 20 மணி நேரம் ஆகும். ஆவியில் வைப்பதும் மூன்று, நாலு நிமிடம் கூடுதல்.

இவ்வளவு பாடுபட்டு இட்லியைக் கூடலுக்குக் கொண்டுவந்தால் அரை மணியில் ஆறிப் பாறையாகும் என்பது வேறு விஷயம். இட்லிதான் பிடிக்கும் என்றால் சின்ன இட்லியாக ஊற்றி, நல்லெண்ணெயும் பொடியும் புரட்டிக் கொண்டுவாருங்கள்.

எண்ணெய்ப் பலகாரம் வாயில் மெழுகுபோல் ஒட்டுகிறதே?

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் வனஸ்பதியும் குளிரில் இறுகும். அண்ணத்தில் ஒட்டுவது அதுதான். பொரிக்க நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ எடுங்கள். மைசூர்பாகு, அதிரசம் போன்றவை பரிமாறும் முன் கால் மணி நேரம் வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் தட்டில் வைத்திருந்தால் போதும்.

ஹாட்பேக்கில் வைத்தும் ஆறிப்போகிறது என்றால், ஹாட்பேக்கே ஜில்லென்று இருந்திருக்கும். கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி, கொட்டித் துடைத்துவிட்டுப் பலகாரத்தை வையுங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். சின்ன ஹாட்பேக்கை முழுக்க நிரப்புவதே நல்லது.

பன்னிரண்டு பேருக்கு டீ கணக்கு?

தண்ணீர் 750 மில்லி, பால் 750 மில்லி, டஸ்ட் டீத்தூள் 30 கிராம், தட்டிய இஞ்சி கட்டைவிரல் அளவு. சர்க்கரை தனிக் கிண்ணத்தில். பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்காவது சுகர் இருக்கும். தூளைத் தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு பால். புத்தகப் பேச்சு முடிய ஒருவர் மிச்சம் இருக்கும்போது அடுப்பில் ஏற்றினால் சரியாக வரும். முன்பே போட்டு பிளாஸ்கில் வைத்த பால் டீ ஒரு மணி நேரத்தில் காட்டமாகிவிடும்.

2008இல் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்தோடாக்ஸ் இலையை (தூளாக்காத இலைத் தேயிலை) இப்படிக் கொதிக்கவைத்தால் பாவம். ஆளுக்கு 2 கிராம் இலை, 150 மில்லி கொதிநீர், மூடி வைத்து நாலு நிமிடம், வடிகட்டிப் பால் இல்லாமல். இங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதிப்பதால் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

பிடித்த சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

புத்தகத்துக்குச் சொன்னதேதான். “சூப்பரா இருக்கும்” வேண்டாம். யார் கையில் கற்றீர்கள், உப்பு எவ்வளவு, எந்த இடத்தில் கெடும். “ஒரு கை”, “கொஞ்சம்” என்று அளவு சொல்பவரிடம் யாராவது ஒருவர் ஆழாக்கில், ஸ்பூனில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சுடச்சுட ரசம் போலக் கொண்டுவர முடியாதது பிடித்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுக் கடையில் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி வாருங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

புத்தகத்துக்கு ஏற்ற பலகாரம், நாவலில் வரும் விருந்து என்றெல்லாம் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு மாதம் வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் மாதம் ஆள் குறையும்.

சைவம், அசைவம், நோன்பு, ஒவ்வாமை எப்படிச் சமாளிப்பது?

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு துண்டுச் சீட்டு: பெயர், செய்தவர், எப்போது செய்தது, உள்ளே என்ன. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி இவை இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். பேக்கரிக் கேக்கில் முட்டை உண்டா என்று கடையில் கேட்டுவிட்டே வாங்குங்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி மேசை, தனிக் கரண்டி. ரமலான் மாதத்தில் கூடலை நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளுவதைவிட, நோன்பு இருப்பவருக்குப் பலகாரத்தைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது சுலபம். மலைத்தேன் கொண்டுவருபவர்கள் கவனிக்க: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நாக்கில் தேன் தடவவே கூடாது.

புத்தகத்தில் எண்ணெய்க் கறை படாமல் எப்படி?

புத்தகமும் பலகாரமும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதலில் பேச்சு, எல்லாப் புத்தகமும் பைக்குள் போன பிறகு பலகாரம், கை கழுவ வாளியில் வெந்நீர், துடைக்கத் துணி. குளிர்ந்த தண்ணீர் வைத்தால் பாதிப் பேர் கழுவாமல் சட்டையில் துடைப்பார்கள்.

மீறிப் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். கறையின் இருபுறமும் சோளமாவோ முகப்பவுடரோ தூவி, வெள்ளைத் தாள் வைத்து, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி ஒருமுறை. எண்ணெய் பாதிக்கு மேல் இறங்கும். மஞ்சள் கறை போகாது. அது நூலகப் புத்தகம் என்றால் போய்ச் சொல்லிவிடுவதே மரியாதை.

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருமா?

ஒரு நோட்டு போடுங்கள். புத்தகம், உடையவர், வாங்கியவர், தேதி. இரண்டு கூடலுக்குள் திருப்ப வேண்டும். படிக்கவில்லை என்றாலும் கொண்டுவந்து காட்டிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகத்தைக் கைமாற்றி இரவல் கொடுக்காதீர்கள்.

டிபன் பாக்ஸ்கள்தான் புத்தகத்தைவிட அதிகம் தொலையும். மூடியிலும் அடியிலும் தனித்தனியாக நகப்பூச்சால் முதலெழுத்து எழுதுங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை என்பதால் அதுவும் ஒரு பிளம்ஸோடு, ஒரு கைப்பிடி பீன்ஸோடு திரும்பும்.

ஒருவரே இருபது நிமிடம் பேசினால்?

போனில் ஆறு நிமிட அலாரம். அடித்ததும் அடுத்தவர். வயதில் பெரியவர் என்றால் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் கொடுக்கட்டும், புரிந்துகொள்வார்.

கீழிருந்து வருபவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வருபவருக்குத் தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கேரி பேக், சின்னத் தண்ணீர் பாட்டில் எதுவும் கொண்டுவரக் கூடாது. சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் தட்டு, டம்ளர், துணிப்பை. பிறகு ஒரு ஸ்வெட்டர்; மதியம் வெயில் அடிக்கிறதே என்று கேட்காதீர்கள்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு வைக்கலாமா?

மூடிய அறைக்குள் கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி ஆளையே கொல்லும். புகைபோக்கி உள்ள கணப்பு என்றால் சரி, அப்போதும் ஒரு ஜன்னல் விரற்கடை திறந்திருக்கட்டும். பத்துப் பேர் உட்கார்ந்த அறை பத்து நிமிடத்தில் தானாகவே வெதுவெதுப்பாகும். தரையில் ஜமக்காளம் விரித்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

மிச்சப் பலகாரத்தை என்ன செய்வது?

வந்தவர்களே பிரித்து எடுத்துப் போக வேண்டும், அதற்காக எல்லாரும் ஒரு காலி டப்பா கொண்டுவரட்டும். எச்சில், எண்ணெய்த் தாள், பழத்தோல் எதையும் வீட்டுக்கு வெளியே கொட்டி வைக்காதீர்கள். குரங்கு பகலில் வரும். எண்ணெய் வாசனைக்கும் இனிப்பு வாசனைக்கும் கரடி இரவில் வரும். ஒருமுறை கிடைத்த இடத்துக்கு மறுபடி வரும், கதவு பூட்டியிருந்தால் உடைத்துக்கொண்டு வரும். காய்கறித் தோலைக் குழி தோண்டி மண் மூடுங்கள், மற்றதை மூடியுள்ள வாளியில் போட்டு உள்ளேயே வைத்திருந்து காலையில் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். எண்ணெய்ச் சட்டியையும் அன்றிரவே கழுவிவிடுங்கள்.